முன்னே பாரம் வைத்தால் போதுமா?

டிராக்டரின் மூக்கில் இரும்புப் பாரங்களை வரிசையாக மாட்டிவிட்டால், அந்த டிராக்டர் எந்த மேட்டிலும் ஏறிப் புல் வெட்டிவிடும் என்றொரு எண்ணம் தோட்டங்களில் ஊறிக் கிடக்கிறது. "வெயிட்டுதான் போட்டாயிற்றே, இனி என்ன பயம்? அந்தச் சரிவையும் சேர்த்து வெட்டிவிடு" என்னும் சொல் டிரைவர்களின் காதில் விழுகிறது. சொல்லுகிறவர் பெரட்டுக் களத்திலே நிற்கிறார். கேட்கிறவர் சரிவிலே உயிரைப் பணயம் வைக்கிறார்.

இந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மைதான் ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே இதை விளக்கமாக எழுத முன்வந்தோம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பின்னால் புல்வெட்டியை மாட்டும் டிராக்டருக்கு முன்பாரம் அவசியம். அதை வாங்கித் தராத நிர்வாகம் தன் கடமையில் தவறிய நிர்வாகமே. ஆனால் முன்பாரம் செய்யும் வேலை ஒன்று. சரிவிலே நம்மைக் காக்க வேண்டிய வேலை வேறொன்று. முன்பாரத்தைக் காட்டி டிரைவரைச் செங்குத்தான சரிவுக்கு அனுப்புவது, குடையைக் கொடுத்து ஆற்றைக் கடக்கச் சொல்வது போன்றது.

புல்வெட்டு யாருக்காக?

புல் வெட்டுவது டிரைவருக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள விவகாரம், மரம் வெட்டும் நமக்கு அதில் என்ன என்று தோழர்கள் எண்ண வேண்டாம். இருட்டோடு எழுந்து, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடக்கிறவர்கள் நாம். முழங்கால் உயரப் புல்லுக்குள் பாம்பு கிடக்கும், அட்டை ஏறும், வழுக்கி விழுந்தால் வாளியும் பாலும் போகும். வரிசை சுத்தமாக இருப்பது நம் காலுக்கும் உயிருக்கும் பாதுகாப்பு.

முன்பு இதற்கு நிர்வாகங்கள் கண்ட சுருக்கு வழி மருந்து அடிப்பது. முதுகில் தோம்பைச் சுமந்து நம் பெண்கள் அடித்த மருந்துகளிலே பாராகுவாட் கொடிய நஞ்சு. அதை நம் நாடு 2002 இல் தடை செய்தது. 2006 இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி 1 முதல் மீண்டும் முழுத் தடை வந்தது. மருந்துத் தோம்பின் இடத்தை இயந்திரப் புல்வெட்டி பிடிக்குமானால் அதை நாம் இரு கையேந்தி வரவேற்போம். ஆனால் பெண்ணின் நுரையீரலைக் காப்பாற்றிவிட்டு டிரைவரின் மார்பை டிராக்டருக்கு அடியில் கொடுக்க நம்மால் ஒப்ப முடியாது. நஞ்சுக்குப் பதில் நசிவு என்பது முன்னேற்றமாகாது.

முன்பாரம் செய்யும் வேலை

இது ஒரு தராசுக் கணக்கு. கிராணிமார் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நம்முடன் பார்க்கட்டும். கீழே வரும் எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் தோட்டத்து டிராக்டருக்கு அதன் கையேட்டிலுள்ள எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ஒரு டிராக்டர் 2,000 கிலோ எடை என்று கொள்வோம். அதில் 700 கிலோ முன் அச்சின்மேலும் 1,300 கிலோ பின் அச்சின்மேலும் நிற்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் 2 மீட்டர். இப்போது 300 கிலோ புல்வெட்டியைப் பின்னால் மாட்டித் தூக்குகிறோம். அதன் எடை பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னே தொங்குகிறது.

சிறுவர்கள் ஆடும் ஏற்றப்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சு நடுவிலுள்ள தாங்கி. ஒரு பக்கம் புல்வெட்டி அழுத்தினால் மறுபக்கம் மூக்கு எழும். 300 ஐ ஒன்றரையால் பெருக்கி 2 ஆல் வகுத்தால் 225. அந்த 225 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. 700 கிலோ இருந்த இடத்தில் 475 கிலோதான் மிஞ்சுகிறது. மொத்த எடையோ 2,300 கிலோவாகக் கூடிவிட்டது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் முன்சக்கரத்தில் நிற்கிறது.

ஸ்டியரிங் சொன்னபடி கேட்க வேண்டுமானால் மொத்த எடையில் 20 விழுக்காடாவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது டிராக்டர் தொழில் அறிந்தோர் கொள்ளும் விதி. நம் கணக்கு அந்த விளிம்பிலேதான் நிற்கிறது. இது சமதரையில். மேட்டை நோக்கி மூக்கைத் திருப்பினால் எடை இன்னும் பின்னுக்குச் சாயும். ஒரு பள்ளத்தில் புல்வெட்டி குலுங்கினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் டிராக்டர் தன் போக்கில் போகும்.

இந்த நோய்க்குத்தான் முன்பாரம் மருந்து. ஒவ்வொன்றும் சுமார் 45 கிலோ கொண்ட வார்ப்பிரும்புக் கட்டிகளை முன்னேயுள்ள தாங்கியில் கோத்துத் தாழிடுவார்கள். எளிதாக 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் முன்னால் அது தொங்கினால், முன் அச்சில் 270 கிலோ கூடும். பின் அச்சில் 70 கிலோ குறையும். புல்வெட்டியைத் தூக்கிய நிலையிலும் முன்னே 745 கிலோ. மொத்தம் 2,500 கிலோ. ஏறக்குறைய 30 விழுக்காடு. மூக்கு தரையைப் பிடிக்கிறது. ஸ்டியரிங் சொற்படி கேட்கிறது. நேர் மேட்டில் ஏறும்போது முன்புறம் எழும்பிப் பின்னே கவிழும் அபாயமும் குறைகிறது.

பின்னே கவிழ்வது லேசான விஷயமன்று. டிராக்டர் தலைகீழாகப் புரள ஒன்றரை விநாடி போதும். முக்கால் விநாடி கடந்துவிட்டால் கிளட்சை மிதித்தும் பயனில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதன் அபாயத்தை உணர்ந்து காலை நகர்த்துவதற்குள் முடிந்துபோகிற காரியம் அது. ஆகவே முன்பாரம் வீண் செலவு என்று எந்த மானேஜராவது சொன்னால் அவருக்கு மேற்கண்ட கணக்கைக் காட்டுங்கள்.

முன்பாரம் செய்யாத வேலை

இனி மறுபக்கம். டிராக்டர் பக்கவாட்டில் உருள்வதை முன்பாரம் தடுக்குமா?

தடுக்காது. ஏன் என்று பார்ப்போம்.

டிராக்டருக்கு நான்கு சக்கரம் இருந்தாலும் அது நாற்காலி போல் நிற்பதில்லை. முக்காலி போல் நிற்கிறது. முன் அச்சு நடுவிலுள்ள ஓர் ஆணியில் ஏற்றப்பட்டு, இரு பக்கமும் ஆடும்படி அமைந்திருக்கிறது. மேடு பள்ளத்தில் முன்சக்கரங்கள் ஏறி இறங்க அந்த ஆட்டம் தேவை. ஆனால் டிராக்டர் பக்கம் சாயத் தொடங்கும்போது, அச்சு அதன் தடையில் போய் முட்டும் வரையில், முன்சக்கரங்கள் தாங்கிப் பிடிக்கமாட்டா. பின்சக்கரங்கள் இரண்டும் முக்காலியின் இரு கால். முன் அச்சின் நடு ஆணி மூன்றாம் கால்.

முக்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். இரண்டு கால் உள்ள பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் பக்கவாட்டில் உறுதியாக இருக்கும். ஒற்றைக் கால் உள்ள பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் சற்று அசைந்தாலும் கவிழ்ந்துவிடும். முன்பாரம் டிராக்டரின் பாரமையத்தை எந்தப் பக்கம் நகர்த்துகிறது? ஒற்றைக் கால் உள்ள பக்கம்!

மேலே சொன்ன டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கட்டும். பாரம் மாட்டாதபோது பாரமையம் நிற்கும் இடத்தில் முக்காலியின் அரை அகலம் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். புல்வெட்டியைக் கழற்றிவிட்டு 200 கிலோ முன்பாரத்தோடு மட்டும் ஓட்டினால் அது 42 சென்டிமீட்டராகக் குறுகுகிறது. பாரங்கள் தாழ்வாகத் தொங்குவதால் ஒரு சிறு நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதை நம்பிப் பக்கச் சரிவில் இறங்கலாம் என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. பின்சக்கர இழுவை டிராக்டரில் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தில்தான். முன்பாரம் பின் அச்சைத் தூக்குகிறது என்று கண்டோம். புல்வெட்டியும் இல்லாமல் முன்பாரத்தோடு ஈரச் சரிவில் இறங்கினால், பின்சக்கரத்துக்குத் தரைப்பிடிப்புக் குறைந்து வண்டி சறுக்கும். ஆகவே புல்வெட்டியைக் கழற்றும்போது, தேவைக்கு மேலுள்ள முன்பாரத்தையும் கழற்ற வேண்டும். மாட்டியது மாட்டியபடி ஆண்டு முழுதும் கிடக்கட்டும் என்பது சோம்பேறித்தனம். நான்கு சக்கரமும் இழுக்கும் டிராக்டரில் தரைப்பிடிப்பு மேலானது என்றாலும் முன் அச்சின் நடு ஆணி அதிலும் உண்டு. முக்காலிக் கணக்கு அதற்கும் பொருந்தும்.

சில இடங்களில் இரும்புப் பாரம் வாங்கக் காசு இல்லை என்று கல் மூட்டையைக் கம்பியால் கட்டுவதும், தோம்பில் சிமெண்டு ஊற்றித் தொங்கவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. குலுக்கலில் கம்பி அறுந்தால் மூட்டை முன்சக்கரத்துக்கு அடியில் விழும். அதைவிடக் கொடியது ஆளையே பாரமாக ஏற்றுவது. "நீ முன்னால் ஏறி நில், மூக்குத் தூக்காமல் இருக்கும்" என்று ஓர் இளைஞனை முன்பக்கம் நிறுத்துவதை எந்தத் தண்டலும் எந்தக் கண்டக்டரும் இனிமேல் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. தொழிலாளி வார்ப்பிரும்புக் கட்டி அல்லன்.

பக்கச் சரிவுக்கு என்ன மருந்து?

முதல் மருந்து அகலம். பல டிராக்டர்களில் பின்சக்கரங்களை மாற்றி மாட்டி இடையகலத்தைக் கூட்டலாம். கையேட்டில் அதற்கு அளவு இருக்கும். முக்காலியின் இரு காலையும் அகட்டி வைப்பது இதுதான்.

இரண்டாவது மருந்து தாழ்ந்த பாரம். பின்டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். பனி உறையும் நாடுகளில் தண்ணீரோடு வேறு சரக்குக் கலக்க வேண்டும். நம் நாட்டில் வெறும் தண்ணீரே போதும். வால்வை மேலே வைத்து அந்த மட்டம் வரை நிரப்பினால் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆகும். ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. அதுவும் தரைக்கு அருகே, முக்காலியின் அகன்ற பக்கத்தில். சக்கரத்தில் இறுக்கும் வட்டப் பாரங்களும் அவ்வாறே. புல்வெட்டும் டிராக்டருக்கு முன்னே வைக்கும் பாரத்தோடு பின்னேயும் பாரம் வைக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

மூன்றாவது மருந்து ஓட்டும் முறை. சரிவில் குறுக்கே ஓட்டுவதைத் தவிர்த்து மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். புல்வெட்டியைத் தேவைக்கு மேல் தூக்கலாகாது. இறக்கத்தில் கிளட்சை மிதித்து வண்டியைத் தானாக உருளவிடலாகாது. ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும். இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துக் கொக்கி போட்டிருக்க வேண்டும். வேகம் இரட்டித்தால் திருப்பத்தில் வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். எதையாவது இழுக்க நேர்ந்தால் சங்கிலியைப் பின்னேயுள்ள தாழ்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். அச்சின்மேல் சுற்றுவது பின்னே கவிழ வழி.

நான்காவது மருந்து சரிவை அளப்பது. ஏறி ஓட்டும் புல்வெட்டி இயந்திரங்களின் கையேடுகளில் 15 பாகைக்கு மேல் வேண்டாம் என்னும் எச்சரிக்கை பரவலாகக் காணப்படுகிறது. 15 பாகையைக் கண்ணால் மதிப்பிட எந்தக் கெட்டிக்காரனாலும் முடியாது. அளப்பதற்கோ பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளக் கோலை எடுங்கள். ஒரு முனையைச் சரிவில் வைத்து, தச்சர் வைத்திருக்கும் மட்டப் பலகையைக் கோலின்மேல் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளவுங்கள். 27 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சரிவு 15 பாகையைத் தாண்டிவிட்டது.

அந்த 15 பாகையும் தரை சீராக இருந்தால்தான். குறுக்கே போகும்போது மேற்பக்கப் பின்சக்கரம் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பழைய மரக்கட்டையில் ஏறி, கீழ்ப்பக்கச் சக்கரம் 20 சென்டிமீட்டர் பள்ளத்தில் இறங்கினால், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மேலும் 15 பாகை கூடிவிடும். 15 பாகைச் சரிவு அந்தக் கணத்தில் 30 பாகையாகிறது. மறுநடவு செய்த காட்டில் புல்லுக்குள் புதைந்து கிடக்கும் கட்டைகள் எத்தனை என்று நமக்குத் தெரியாதா? ஆகவே அளவுக்குட்பட்ட சரிவிலும் முதலில் நடந்து பார்த்து, கட்டைக்கும் குழிக்கும் குச்சி நட்டுக் குறி வைத்த பின்னரே டிராக்டர் இறங்க வேண்டும். அளவு மீறிய சரிவில் டிராக்டருக்கு வேலையில்லை. அங்கே தோளில் மாட்டும் புல்வெட்டியோ கைக்கத்தியோதான் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஆள் கூடுதலாகத் தேவைப்பட்டால் ஆளைப் போடட்டும்.

கடைசிக் காவல்

இத்தனையும் செய்தும் ஒரு நாள் டிராக்டர் கவிழலாம். மண் சரியலாம், டயர் வெடிக்கலாம். அப்போது ஆளைக் காப்பது இருக்கைக்குப் பின்னே எழும்பி நிற்கும் இரும்பு வளைவு, அதாவது ரோல்பார். அதோடு சீட் பெல்ட். வண்டி கவிழ்ந்தாலும் அந்த வளைவு தரையில் ஊன்றி ஆளுக்கு இடம் விட்டுத் தாங்கும். பெல்ட் அவரை அந்த இடத்துக்குள்ளேயே பிடித்து வைக்கும்.

சுவீடன் நாடு 1959 இலேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. பிற்பாடு பழைய டிராக்டர்களுக்கும் விரிவாக்கியது. டிராக்டர் கவிழ்ந்து சாவோர் தொகை அங்கே பெரிதும் வீழ்ச்சியுற்றது. சுவீடன் டிரைவர்கள் மாயக்காரர்கள் அல்லர். அவர்கள் நாட்டில் மேடு இல்லாமலும் இல்லை. மனிதன் தவறக்கூடும் என்று ஒப்புக்கொண்டு, தவறினாலும் சாகாதபடி இயந்திரத்தைத் திருத்தினார்கள்.

டிரைவர் தோழர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளை தட்டுகிறது என்று மடக்கு வளைவை மடக்கிவிட்டு அப்படியே சரிவில் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். வளைவு நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம் மாட்ட வேண்டும். வளைவே இல்லாத பழைய டிராக்டரில் பெல்ட் மாட்டினால் அது ஆளை இரும்புக்கு அடியிலேயே கட்டிப்போடும். அப்படிப்பட்ட டிராக்டரைச் சரிவுக்கு அனுப்பவே கூடாது என்பது நம் கட்சி.

நிர்வாகம் சொல்லும் சாக்குகள்

"இத்தனை வருஷமாக இந்த மேட்டில் வெட்டினோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். கவிழாத நாட்களை எண்ணிக் கவிழும் நாளைத் தடுக்க முடியாது. வழக்கம் என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

"டிரைவரின் கவனக்குறைவுதான் காரணம்" என்பார்கள். ஏக்கர் கணக்கில் கூலி பேசி, பொழுது சாய்வதற்குள் முடி என்று விரட்டி, பாரமும் வளைவும் இல்லாத வண்டியைக் கொடுத்துவிட்டுக் கவனத்தைப் பற்றிப் பேசுவது நியாயமா? அவசரத்தை உண்டாக்கியவர் யார்?

"செலவு அதிகம்" என்பார்கள். டிராக்டருக்குக் காப்புறுதி வாங்கக் காசு இருக்கிறது. அதை ஓட்டுகிறவனுக்கு வளைவு வாங்கக் காசு இல்லையாம்! கவிழ்ந்த டிராக்டருக்குப் பட்டறை உண்டு. நசுங்கிய தகப்பனுக்குப் பட்டறை எங்கே இருக்கிறது?

சட்டம் நம் பக்கம்

1994 ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் உரியது. பாதுகாப்பான இயந்திரமும் வேலை முறையும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை என்று அதன் 15 ஆம் பிரிவு சொல்கிறது. 2022 இல் திருத்தப்பட்ட இச்சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அக்கடமையை மீறுவோருக்கான அபராதத்தின் உச்ச வரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளிக்கு உயர்ந்தது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

அதே திருத்தம் 26ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க நியாயம் தொழிலாளிக்கு இருந்தால், அவர் அதை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளி அபாயத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ளத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கலாகாது. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் முறை தவறாமல் பயன்படுத்துங்கள். வாய்க்கு வந்தபடி சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது இந்த உரிமை அன்று. "சரிவு இத்தனை சென்டிமீட்டர், வளைவு இல்லை, ஆகவே அபாயம்" என்று சொல்லி, சாட்சி வைத்து, சங்கக் கிளைக்கும் அறிவித்துவிட்டு விலக வேண்டும். மேலே சொன்ன மீட்டர் கோல் அங்கேதான் நமக்கு வக்கீல்.

40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைப்பது கடமை. அக்குழு தேநீர் குடித்துக் கையெழுத்துப் போடும் குழுவாக இருக்கலாகாது. புல்வெட்டும் டிராக்டர் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாகட்டும்.

கிராணிமாருக்கும் ஒரு வேண்டுகோள். எந்தப் பிளாக்கில் எந்தச் சரிவு எவ்வளவு என்பதை அளந்து ஒரு புத்தகத்தில் எழுதி வையுங்கள். டிராக்டர் சறுக்கியது, மூக்குத் தூக்கியது, கட்டையில் ஏறியது என்று டிரைவர் வந்து சொன்னால் சிரித்துவிட்டுப் போகாமல் தேதியோடு பதியுங்கள். விபத்து நடந்த பிறகு தேடுகிற தாள் அதுவாகத்தான் இருக்கும். விபத்து நடப்பதற்கு முன்பே அது பேசட்டுமே!

இன்று பல தோட்டங்களில் டிராக்டர் ஓட்டுகிறவர் வங்காளதேசத்தவராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். அவருக்கு இந்தப் பத்திரிகை படிக்கத் தெரியாது. பெர்மிட் பறிபோகும் என்ற பயத்தில் மறுத்துப் பேசவும் தயங்குவார். கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் அந்நிலையில்தான் இருந்தார்கள். மலாய் தெரிந்த தோழர்கள் அவருக்கு முக்காலிக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு என்பதையும் சொல்லுங்கள். சரிவு குடியுரிமை பார்த்துக் கவிழ்ப்பதில்லை.

நாம் கேட்பது

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது ஐந்து.

1. புல்வெட்டும் ஒவ்வொரு டிராக்டருக்கும் கையேட்டில் கண்டபடி முன்பாரமும் பின்சக்கரப் பாரமும் தருக. கல் மூட்டையும் சிமெண்டுத் தோம்பும் ஒழிக.

2. ரோல்பாரும் பெல்ட்டும் இல்லாத டிராக்டரைச் சரிவுக்கு அனுப்பாதீர்.

3. சரிவுகளை அளந்து, டிராக்டர் போகலாகாத இடங்களுக்குச் சிவப்புக் கம்பம் நடுக.

4. சரிவில் புல்வெட்டுக்கு ஏக்கர் கணக்கை விட்டு நாட்கூலி தருக.

5. பாரம் மாட்டவும் கழற்றவும் சரிவில் ஓட்டவும் டிரைவர்களுக்கு, அவர்களுக்கு விளங்கும் மொழியில், சம்பளத்தோடு பயிற்சி தருக.

இதில் ஒன்றுகூட ஆடம்பரம் இல்லை. 1954 இல் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்த நாள் தொட்டு, சங்கம் என்றால் கூலி உயர்வு என்றே பலர் நினைக்கிறார்கள். கூலி வேண்டும், அதை விட்டுக்கொடுக்கவே மாட்டோம். ஆனால் கூலியை வாங்கக் கையும், வீட்டுக்குக் கொண்டுபோகக் காலும் இருக்க வேண்டும் அல்லவா?

டிரைவர் தோழரே! நாளைக் காலை டிராக்டரைக் கிளப்புமுன் முன்னே போய்ப் பாரங்களின் தாழ் இறுகியிருக்கிறதா என்று பாரும். பின்னே போய்ச் சக்கரத்தைப் பாரும். தலைக்கு மேல் வளைவு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாரும். மீட்டர் கோலையும் மட்டப் பலகையையும் எடுத்துக்கொள்ளும். கோல் 27க்கு மேல் காட்டினால் வண்டியைச் சமதரையிலேயே நிறுத்திவிட்டு, கிளைச் செயலாளருக்குச் சொல்லி அனுப்பும். மற்றதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.